பச்சையாக இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா? உறைபெட்டியில் உறங்கும் நாற்றுகளைச் சோதிப்பது எப்படி

(இணையவழி மாதக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

பேருந்தில் வந்துகொண்டே காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவர்கள், வீட்டில் சமையலுக்கு நடுவே போனை அலமாரியில் சாய்த்து வைத்திருப்பவர்கள், எல்லாருக்கும் வணக்கம்.

சமையலறையில் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு கொத்து கொத்தமல்லியை எடுத்து ஃப்ரீசரில் வையுங்க. பத்து நாள் கழித்துத் திறந்து பாருங்க. விறைப்பாக, அழகாக, பச்சைப்பசேல் என்று இருக்கும். வெளியே எடுத்து அரை மணி நேரம் மேடையில் வைத்துவிட்டு மறுபடி பாருங்க. கருத்துத் துவண்டு, தண்ணீர் விட்டு, கையில் ஒட்டும். இப்போது ஒரு கேள்வி. அந்தக் கொத்தமல்லி எப்போது செத்தது? மேடையில் வைத்தபோதா? இல்லீங்க. உள்ளே வைத்த அன்றைக்கே செத்துப் போச்சு. பத்து நாளாக நாம் பார்த்தது பிணத்தின் பச்சை.

இந்தப் பச்சைதான் இன்றைய பேச்சு. கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஒரு மாகாணம். அங்கே ஆண்டுக்கு 20 கோடிக்கு மேல் மரநாற்றுகள் நடுகிறார்கள். பைன், ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள். அவற்றில் பெரும் பங்கு, நடவுக்கு முன் நான்கு முதல் ஆறு மாதம் அட்டைப்பெட்டிக்குள், ஃப்ரீசர் கிடங்கில் உறைந்து கிடக்கின்றன. வசந்தத்தில் பெட்டியைத் திறந்தால் எல்லாம் பச்சை. உயிரோடு இருப்பதும் பச்சை, செத்ததும் பச்சை. எது எது என்று நடுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். அந்த மாகாணத்து நாற்றங்கால்களில் சில பருவங்கள் இந்தச் சோதனை வேலையில் இருந்தவன் என்ற முறையில்தான் என்னைப் பேச அழைத்தார்கள்.

குடிமக்கள் சேவை பற்றிய இதழில் கனடா நாற்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அந்த மாகாணத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசு நிலம், அதாவது பொதுமக்கள் நிலம். அதில் மரம் வெட்டும் நிறுவனமே திரும்ப நட்டு, கன்று தானாக வளரும் நிலை வரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1987 முதல் சட்டக் கடமை. எந்த விதை எங்கே போகிறது என்பது அரசின் இணையப் பதிவேட்டில் ஏறுகிறது. ஸ்பார் என்று அதற்குப் பெயர். விதை சேகரித்த இடம், விதைத் தொகுதி எண், எத்தனை நாற்று கேட்டார்கள், எந்த நாற்றங்காலில் வளர்கிறது எல்லாம் அதில் உண்டு. நாம் ரேஷன் அட்டை விண்ணப்பத்தின் நிலையைப் போனில் பார்ப்பது போல, அங்கே வனத்துறைக்காரர் நாற்றின் நிலையைப் பார்க்கிறார். ஆனால் பதிவேட்டில் "கிடங்கில் உள்ளது" என்று இருக்கும். "உயிரோடு உள்ளது" என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அதை ஒரு ஆள் போய், பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்லணும்.

சரி, உறைய வைப்பது எதற்கு? நாற்றங்கால் இருப்பது பள்ளத்தாக்கில். நட வேண்டிய இடம் மலை மேல். கீழே மார்ச்சிலேயே வெயில் அடித்து மொட்டு விரியத் தொடங்கும். மேலே மே மாதம் வரை, சில இடங்களில் ஜூன் வரை பனி கிடக்கும். மொட்டு விரிந்த நாற்றை மேலே கொண்டுபோய் நட்டால் ஒரு இரவுப் பனியில் கருகிவிடும். அதனால் நவம்பர், டிசம்பரில், நாற்று ஆழ்ந்த உறக்கத்தில் இருக்கும்போதே பிடுங்கி, பத்து, பதினைந்து, இருபது எனக் கட்டாக வேர்ப்பகுதியில் பிளாஸ்டிக் சுற்றி, உள்ளே பை போட்ட மெழுகு அட்டைப்பெட்டியில் அடுக்கி, பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். மலை மேல் பனி விலகியதும் லாரி ஏறும். உறக்கத்தை நீட்டிப்பதுதான் இந்த வேலை.

பூஜ்யத்துக்குச் சற்று மேலே சும்மா குளிர்ச்சியாக வைத்தால் போதாதா? ஓரிரு மாதத்துக்குப் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு தொல்லை. ஒன்று, குளிரிலும் நாற்று மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், சேர்த்து வைத்த மாவும் சர்க்கரையும் கரைந்துகொண்டே போகும். ஒளி இல்லை, புதிதாகச் சமைக்க வழியில்லை. சேமிப்புப் பணத்தில் வாடகை கட்டுகிற மாதிரி. இரண்டு, சாம்பல் பூஞ்சணம். போட்ரைடிஸ் என்று சொல்வார்கள், திராட்சையிலும் ஸ்ட்ராபெர்ரியிலும் வருமே, அதேதான். ஃப்ரிட்ஜ் குளிரெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் உறைந்தால்தான் அதன் ஆட்டம் அடங்கும்.

இப்போது கொத்தமல்லிக்கு வருவோம். அது சாகிறது, ஸ்ப்ரூஸ் நாற்று சாகவில்லை. ஏன்? இலையுதிர் காலத்தில் பகல் குறுகும்போது ஸ்ப்ரூஸ் வளர்ச்சியை நிறுத்தி நுனியில் மொட்டுக் கட்டும். பிறகு இரவுகள் குளிரக் குளிர, செல்லுக்குள் சர்க்கரை ஏறும், செல்லைச் சுற்றிய சவ்வின் தன்மையே மாறும். உறையும்போது பனிக்கட்டி செல்லுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகும். உள்ளேயுள்ள தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து அந்தப் பனியில் சேரும். செல் சுருங்கும், ஆனால் சவ்வு கிழியாது. உருகும்போது தண்ணீர் திரும்ப உள்ளே போகும். கொத்தமல்லிக்கு இந்தத் தயாரிப்பு எதுவும் இல்லை. சவ்வு சிதைந்து சாறெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. மேடையில் தேங்கிய தண்ணீர் அதுதான். இந்தக் கசிவை மனசில் வைத்துக்கொள்ளுங்க, ஆய்வகத்தில் மறுபடி பார்ப்போம்.

இந்தத் தயாரிப்பு முடியும் முன்பே அவசரப்பட்டுப் பெட்டியில் போட்டால் நாற்றும் கொத்தமல்லிதான். அதனால் முதல் சோதனை கிடங்குக்குள் போகும் முன்பே நடக்கிறது. அக்டோபரிலிருந்தே சில நாற்றுகளை எடுத்து, கணினி கட்டுப்படுத்தும் ஃப்ரீசரில் படிப்படியாகப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை கொண்டுபோவார்கள். பிறகு உருக்கி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு வாரம் வைத்து, ஊசி இலைகளில் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். 25 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ சேதம் என்றால் பிடுங்கலாம். அதிகம் என்றால் காத்திரு.

கிடங்கு 2 டிகிரிதானே கீழே, 18 டிகிரிக்கு எதற்கு இந்த வதை என்று புதிதாக வேலைக்கு வந்த எல்லாரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த 18 டிகிரியை நாற்று கிடங்கில் சந்திக்கப் போவதில்லை. அது ஒரு அடையாளம். அந்தக் குளிரைத் தாங்கும் நாற்று ஆழ்ந்து உறங்கிவிட்டது, ஆறு மாத இருட்டையும் தாங்கும் என்பது அனுபவத்தில் கண்ட தொடர்பு. ஸ்வீடனில் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். நுனித்தண்டைக் கீழே 25 டிகிரிக்கு உறைய வைத்துக் கசிவை அளப்பார்கள். இப்போது மொட்டில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன, எவை உறங்குகின்றன என்று பார்த்துச் சொல்லும் சோதனையும் அங்கே புழக்கத்துக்கு வந்திருக்கிறது. மொட்டை நசுக்கித் திரவத்தில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது கிடங்குக்குள். இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வெப்பமானியைப் பார், எழுதி வை, அவ்வளவுதான். ஆனால் ஒன்று மட்டும். சுவரில் மாட்டிய வெப்பமானி காற்றின் கதையைத்தான் சொல்லும். அடுக்கின் நடுவே இருக்கும் பெட்டியில் ஈரமான வேர்க்கட்டிகள் உறைய நாள் பிடிக்கும், உருகவும் நாள் பிடிக்கும். அதனால் பெட்டிக்குள்ளேயே ஒரு வெப்பப்பதிவுக் கருவியைப் புதைத்து வைப்பதுதான் சரி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். குளிரைத் தாங்குவதில் தண்டும் வேரும் ஒன்றல்ல. தண்டும் இலையும் காலம் காலமாகத் திறந்த வெளியில் குளிரைப் பார்த்தவை. வேர் மண்ணுக்குள், பனிப்போர்வைக்கு அடியில் வெதுவெதுப்பாக வாழ்ந்து பழகியது. கிடங்கில் குளிர் கூடிப்போனால் முதலில் அடிபடுவது வேர். இலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேலே பார்த்தால் ராஜா மாதிரி நிற்கும்.

இப்போது ஏப்ரல் மாதம். பெட்டி வெளியே வருகிறது. உறைந்த கட்டை உடனே பிரிக்கக் கூடாது, பிரித்தால் வேர் ஒடியும். 5 டிகிரி போல மிதமான குளிரில், வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் மெல்ல உருக விடலாம். அவசரமென்றால் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் முடிக்கலாம். வேர்க்கட்டி உறைந்தபடியே நட்டுப் பார்த்த ஆய்வுகளும் அந்த மாகாணத்தில் நடந்திருக்கின்றன. எதுவானாலும் உருகிய பிறகு நாளைக் கடத்தக் கூடாது, பூஞ்சணம் காத்துக்கொண்டிருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பயன்படுத்துவது மூக்கு. சிரிக்காதீங்க. நல்ல பெட்டி திறந்தால் மண்வாசனையும் பைன் பிசின் வாசனையும் வரும். கெட்ட பெட்டி புளித்த மாவு போல, அல்லது ஊறல் போல நாறும். அந்த நாற்றம் வந்தால் மேற்கொண்டு சோதனை செய்கிற மனநிலையே வேறாகிவிடும்.

பிறகு கண். சாம்பல் நிற நூலாம்படை போல ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் உடனே பதற வேண்டாம். அடியில் நிழல்பட்டு ஏற்கெனவே செத்த ஊசிகளில் பூஞ்சணம் படர்வது சகஜம். அதைத் தட்டிவிட்டு, தண்டைப் பார்க்கணும். அந்த இடத்துப் பட்டைக்கு அடியில் பச்சையாக இருந்தால் நாற்றுக்குப் பழுதில்லை, வெளியே காற்றும் வெயிலும் பட்டால் பூஞ்சணம் அடங்கும். பட்டைக்கு அடியிலும் பழுப்பு ஏறி, தண்டைச் சுற்றி வந்துவிட்டது என்றால் அந்த நாற்று போச்சு.

பிறகு நகம். இதுதான் எனக்குப் பிடித்த கருவி. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் ஈரமான வெண்பச்சை தெரிய வேண்டும். மேலே ஒரு இடம், நடுவே ஒரு இடம், வேர்க்கழுத்தில் ஒரு இடம் என மூன்று இடத்தில் சுரண்டணும். மேலே மட்டும் சுரண்டிவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்க விரும்பிய பதிலைத்தான் நாற்றிடம் கேட்டிருக்கிறார்கள்.

பிளேடால் நுனி மொட்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே வெளிர்பச்சையாக இருக்கணும். நடுவில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் மொட்டு செத்திருக்கிறது. பக்கமொட்டு தப்பியிருந்தால் நாற்று பிழைக்கும், ஆனால் நேராக வளராமல் கவட்டையாகப் பிரியலாம். கடைசியாக வேர். மெல்லிய வேரை இரண்டு விரலுக்கு இடையே பிடித்து இழுத்தால், செத்த வேரின் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வரும், உள்ளே நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சும். உயிருள்ள வேர் உறுதியாக நிற்கும், கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும்.

கையும் மூக்கும் சொல்வது முழுச்சேதத்தைத்தான். அரைகுறைச் சேதம்தான் ஆபத்து. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

1955இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற வனவியலாளர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நாற்றுகளில் சில பிழைக்கின்றன, சில சாகின்றன. வித்தியாசம் உயரத்திலோ தண்டின் தடிமனிலோ இல்லை, நட்டதும் புது வேர் விடும் திறனில் இருக்கிறது. அதிலிருந்து வந்ததுதான் வேர் வளர்திறன் சோதனை. யோசனை எளிது. உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பதைவிட, வேரை விட்டுக் காட்டு என்று சொல்வது. நாற்றைத் தொட்டியில் நட்டு, வெளிச்சம் நிறைந்த அறையில், பகலில் 30 டிகிரி, இரவில் 25 டிகிரி வெப்பத்தில் ஏழு நாள் வைப்பார்கள். எட்டாம் நாள் பிடுங்கிக் கழுவினால் பழுப்பு வேர்களுக்கு நடுவே புது வேர்கள் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். எண்ணுவது சுலபம்.

எண்ணி மதிப்பெண் போடும் முறையை 1979இல் பர்டெட் என்பவர் எளிமைப்படுத்தினார். புது வேரே இல்லை என்றால் 0. வேர் உண்டு, ஒன்றுகூட ஒரு சென்டிமீட்டர் தாண்டவில்லை என்றால் 1. ஒரு சென்டிமீட்டர் தாண்டியவை ஒன்று முதல் மூன்று என்றால் 2. நான்கு முதல் பத்து என்றால் 3. பதினொன்று முதல் முப்பது என்றால் 4. முப்பதைத் தாண்டினால் 5. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளையும் போடலாம்.

ஏழு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்குக் கசிவுச் சோதனை. பிரிட்டனில் இது அதிகம் வளர்ந்தது. மெல்லிய வேர்களை நன்றாகக் கழுவி, உப்பு நீக்கிய தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடுவது. சவ்வு கிழிந்திருந்தால் செல்லுக்குள்ளிருந்த உப்புகள் தண்ணீரில் கசியும். தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்தால் எவ்வளவு கசிந்தது என்று தெரிந்துவிடும். பிறகு அதே வேரை வேகவைத்து முழுசாகக் கொன்று, மறுபடி அளப்பது. முதல் அளவு 30, வேகவைத்த பின் 200 என்று வைத்துக்கொள்ளுங்க. 15 சதவீதம் கசிந்திருக்கிறது. எண் ஏற ஏற வேருக்குச் சேதம் அதிகம். கொத்தமல்லி மேடையில் தண்ணீர் விட்டதை எண்ணாக மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

மூன்றாவது, பச்சையம் உமிழும் ஒளியை அளப்பது. இலையை அரை மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டு, ஒரு நொடி பளிச்சென்று ஒளி அடித்தால், பச்சையம் அதில் கொஞ்சத்தைச் சிவப்பாகத் திருப்பி உமிழும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். நலமான இலையில் அந்த விகிதம் 0.83 அருகே இருக்கும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் வந்த நாற்றில் குறைவாகத்தான் இருக்கும். வெளிச்சத்திலும் வெதுவெதுப்பிலும் வைத்து, நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பார்க்கணும். ஏறினால் விழிக்கிறது. கிடந்த இடத்திலேயே கிடந்தால் கவலைப்படணும். டக்ளஸ் ஃபரில் புது வேருக்கான உணவு பழைய சேமிப்பிலிருந்து வருவதைவிட, அப்போது இலை சமைப்பதிலிருந்தே அதிகம் வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். இலை வேலை செய்யாவிட்டால் வேரும் வராது. ஆனால் வேர் மட்டும் செத்து இலை பிழைத்திருந்தால் இந்தக் கருவி சில நாள் வரை நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

வேர்ச் சோதனைக்கும் எல்லை உண்டு. அது நடக்கிற அறை சொர்க்கம். நடப்போகிற மலைச்சரிவு அப்படியில்லை. குளிர்ந்த மண், வறண்ட காற்று, நடுபவரின் அவசரம் எல்லாம் சேர்ந்துதான் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. இந்தச் சோதனையால் வயலில் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று 1997இல் சிம்சன், ரிட்சி என்ற இருவர் 'நியூ ஃபாரஸ்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு விவாதமாகவே எழுதினார்கள். என் அனுபவத்தில், 0 வாங்கிய நாற்றைப் பற்றி இந்தச் சோதனை உறுதியாகப் பேசும். 3 வாங்கியதற்கும் 5 வாங்கியதற்கும் இடையே அதைக் கொண்டு சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

ஒரு நிகழ்ச்சி சொல்றேன். எந்த நாற்றங்கால் என்பது வேண்டாம். ஒரு வசந்தத்தில் ஸ்ப்ரூஸ் நாற்றுத் தொகுதி ஒன்று சோதனைக்கு வந்தது. மூக்குக்கும் நகத்துக்கும் பழுதில்லை. வேர்ச் சோதனையில் சராசரி மதிப்பெண் இரண்டரைக்குப் பக்கம். சுமார்தான், ஆனால் நடலாம் என்று சொல்லக்கூடிய எண். மலையில் நடவுக்காரர்கள் கூடாரம் அடித்துக் காத்திருக்கிறார்கள், லாரி பதிவாகிவிட்டது. சராசரியைப் பார்த்துக் கையெழுத்துப் போட எல்லாருக்கும் ஆசை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மூத்த பெண்மணி இருந்தார். அவர் சராசரியைப் பார்க்கவே மாட்டார், ஒவ்வொரு நாற்றின் மதிப்பெண்ணையும் வரிசையாக எழுதி வைத்துப் பார்ப்பார். பார்த்தால், அந்தத் தொகுதியில் 2 வாங்கிய நாற்று ஒன்றுகூட இல்லை. பாதி நாற்று 4, 5. மீதி 0, ஓரிரண்டு 1. நோஞ்சான் நாற்றுகள் கிடையாது. ஒன்று நல்லது, இல்லையென்றால் செத்தது.

இது வளர்ப்பில் வந்த குறையாக இருந்தால் எல்லா நாற்றும் கொஞ்சம் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கும். இப்படி இரண்டாகப் பிளந்திருந்தால் இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. பெட்டி எண்களைக் கிடங்கு வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். 0 வாங்கியவை எல்லாம் குளிர்காற்று வீசும் விசிறிக்கு நேர் எதிரே இருந்த அடுக்குகளிலிருந்து வந்தவை. சுவர் வெப்பமானி கதவுப் பக்கம் இருந்தது, அது குளிர்காலம் முழுக்கச் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. விசிறி முன்னால் வேர்கள் அதைவிடக் கடும் குளிரில் உறைந்து செத்திருக்கின்றன. இலை மட்டும் பச்சை.

அந்த அடுக்குகளைத் தனியே பிரித்து, மறுபடி மாதிரி எடுத்து, ஏழு நாள் காத்திருந்து, கடைசியில் கழித்தார்கள். மற்றவை மலை ஏறின. இந்த ஏழு நாளுக்காக நாற்றங்கால்காரர், மரநிறுவனத்துக்காரர், நடவு மேற்பார்வையாளர் மூன்று பேரும் தொலைபேசியில் கத்தியதை நான் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் நியாயம். நாற்றங்கால்காரருக்கு ஓராண்டு உழைப்பு. மேற்பார்வையாளருக்கு, கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்களின் கூலி. அங்கே நடவுக்காரருக்கு மரக்கணக்கில்தான் சம்பளம், நடாத நாளில் வருமானம் இல்லை. நிறுவனத்துக்காரருக்கோ வேறு கவலை. அந்த இடத்துக்குப் பொருந்தும் விதைத் தொகுதி அதுதான். கடையில் போய் வேறு ஸ்ப்ரூஸ் வாங்கி நட்டுவிட முடியாது. எந்த உயரத்தில், எந்தக் குளிரில் எடுத்த விதை எங்கே போகலாம் என்று விதி இருக்கிறது. மறுபடி விதைத்தால் அடுத்த வசந்தம் அல்லது அதற்கு அடுத்ததுதான். அதற்குள் புல்லும் புதரும் அந்த இடத்தைப் பிடித்துவிடும். 2023இல் மட்டும் அந்த மாகாணத்தில் 28 லட்சம் ஹெக்டேர் காடு தீயில் போயிருக்கிறது. நடவேண்டிய நிலம் வரிசையில் நிற்கும்போது ஒரு பருவம் தவறுவது சின்ன விஷயம் இல்லை. செத்த நாற்றை நட்டால் இத்தனையும் போகும், நடவுக் கூலியும் போகும், அது செத்தது என்று தெரியவே கோடைக்காலம் வந்துவிடும்.

என் பேச்சு இவ்வளவுதான். கேள்விகள் வந்திருக்கின்றன, சிலவற்றுக்குப் பதில் சொல்றேன்.

"போன் கேமராவில் படம் எடுத்தே உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாதா?" திருச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். இன்றைக்குச் சொன்ன பிரச்சினையே அதுதானே தம்பி, கண்ணுக்குத் தெரிகிற பச்சை பொய் சொல்லும். கேமராவும் அந்தப் பச்சையைத்தான் எடுக்கும். ஆனால் பதிவுக்குப் போன் அருமையான கருவி. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, பெட்டிக்குள் வெப்பமானி காட்டும் எண், பிளந்த மொட்டு, சுரண்டிய பட்டை, இந்த நான்கையும் தேதியோடு எடுத்து வைத்தால் பின்னால் தகராறு வரும்போது பேச ஆதாரம் இருக்கும். ஃப்ளாஷ் போடாமல், நிழலான பகல் வெளிச்சத்தில் எடுங்க. ஃப்ளாஷில் பழுப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். அதே நாற்றை ஜன்னலோரம் வைத்து முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள் எடுத்தால் அதுவே ஒரு சோதனை.

"எல்லா ஊசியிலை மரமும் பச்சையாகவே இருக்குமா?" நல்ல கேள்வி அம்மா. லார்ச் என்று ஒரு மரம், ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர்காலத்தில் ஊசிகளை உதிர்த்துவிடும். பெட்டியைத் திறந்தால் வெறும் குச்சிக் கட்டு. புதிதாகப் பார்ப்பவர் எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பார். அங்கே பச்சையை நம்பி ஏமாற வழியே இல்லை, நகத்தையும் பிளேடையும் வேரையும் நம்பித்தான் ஆகணும்.

"நம்ம ஊர் நர்சரியில் வாங்கும் கன்றுக்கு இதெல்லாம் பயன்படுமா?" ஃப்ரீசர் பயன்படாது. வேம்பையும் புங்கனையும் உறையவைத்தால் கொத்தமல்லி கதைதான், அவற்றுக்கு அந்தத் தயாரிப்பு கிடையாது. நகமும் வேரும் பயன்படும். இலை உதிர்ந்த கன்றைத் தூக்கிப் போடும் முன் பட்டையை மூன்று இடத்தில் சுரண்டிப் பாருங்க. வாங்கும்போது பையின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா, வெள்ளை வேர்நுனி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்க. இலையை மட்டும் பார்த்து விலை பேச வேண்டாம்.

கடைசிக் கேள்வி. "மலை மேல் போன பிறகு, நடுகிறவர் கையில் கெட்ட பெட்டி வந்தால் என்ன செய்வார்? மரக்கணக்கில் கூலி என்றால் பேசாமல் நட்டுவிட்டுப் போக மாட்டாரா?" நேர்மையான கேள்வி. சிலர் நட்டிருப்பார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாளுக்கு ஆயிரக்கணக்கில் நாற்றைத் தொடும் கை அது. வேர்க்கட்டி பிசுபிசுத்தாலோ நாற்றம் வந்தாலோ எங்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் அந்தப் பெட்டியை மூடி, நிழலில் ஓரமாக வைத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து சீட்டில் உள்ள விதைத் தொகுதி எண்ணையும் பெட்டி எண்ணையும் குறித்துக்கொண்டு, அதே அடுக்கிலிருந்து வந்த அடுத்த பெட்டியைத் திறப்பார்.